சேவை செய்யப் போறவங்களும் டாக்டர் கோட்னிஸும்

வெளிநாடு போய் சம்பாதிக்கப் போறேன்னு கிளம்புற பசங்க எங்க சந்தவாசல் பக்கத்துக்குப் புதுசு இல்லை. வெளிநாடு போய் சேவை செய்யப் போறேன்னு கிளம்புறவங்கதான் புதுசு. காலேஜ் லீவுல ரெண்டு வாரம் நேபாளம், இல்லேன்னா மூணு வாரம் கம்போடியா. அங்க ஒரு அனாதை இல்லத்துல பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கணும், பள்ளிக்கூடச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கணும். திரும்பி வரும்போது கையில ஒரு சர்டிபிகேட். செலவெல்லாம் போறவங்களோடது. சேவை செய்யறதுக்குக் கட்டணமும் கட்டணும்!

எங்க அக்கா பையனும் இப்படி ஒரு நோட்டீஸோட வந்து, "போலாமா மாமா?"ன்னு கேட்டான்.

"போறது இருக்கட்டும்டா. அங்க உன்னை யாரு கூப்பிட்டாங்க?"

"கம்பெனிக்காரங்க கூப்பிடறாங்க மாமா."

"கம்பெனி சரி. அந்த ஊர்க்காரங்க கூப்பிட்டாங்களா?"

பதில் இல்லை. அவனைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல மனசுள்ள பையன். ஆனா அடுத்த நாட்டுக்குப் போய் உதவி பண்றதுக்கு நல்ல மனசு மட்டும் போதுமான்னு ஒரு கேள்வி இருக்கே, அதுக்குப் பதில் தேடினா நம்ம நாட்டு சரித்திரத்துலயே ஒரு ஆள் நிக்கிறார். டாக்டர் துவாரகநாத் கோட்னிஸ். பேரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. 1946-லயே சாந்தாராம் இந்தியில படம் எடுத்து, அவரே கோட்னிஸா நடிச்சார். ஆனா கோட்னிஸ்னா சீனாவுல உயிரை விட்ட தியாகின்னு ஒரே வரியில முடிச்சிடறோம். அவர் உயிரோட இருந்த அந்த நாலு வருஷத்துல அங்க எப்படி நடந்துக்கிட்டார்ங்கிறதை யாரும் பெருசாப் பேசறதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாப் படுது. அதுக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

கூப்பிட்டாங்க, போனாங்க

1937 ஜூலையில ஜப்பான் சீனா மேல முழு யுத்தம் தொடங்கிடுச்சு. சீனாவோட எட்டாவது வழிப் படைக்குத் தளபதி சூ தே. அந்த வருஷக் கடைசியில அவர் நேருவுக்குக் கடிதம் எழுதறார். படையில காயம்பட்டவங்க குவியறாங்க, டாக்டர் இல்லை, மருந்து இல்லை, அறுவை சிகிச்சைக் கருவி இல்லை, உங்களால முடிஞ்சதை அனுப்புங்கன்னு உதவி கேக்கறார். "யாராவது வாங்க"ன்னு பொதுவாக் கேக்கல. என்ன வேணும்னு தெளிவாச் சொல்லிக் கேட்டார். இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

1938-ல காங்கிரஸ் தலைவர் சுபாஷ் சந்திர போஸ். அவர் நாட்டு மக்கள்கிட்ட வேண்டுகோள் வைக்கிறார். நாமளே அடிமையா இருந்த காலம் அது. அப்படியும் 22,000 ரூபாய் சேர்ந்துச்சு. அதுல ஒரு ஆம்புலன்ஸ் வண்டி, மருந்து, கூடவே அஞ்சு டாக்டருங்க. அலகாபாத்லேர்ந்து தலைவர் மதன் அடல், நாக்பூர்லேர்ந்து சோல்கர், கல்கத்தாவுலேர்ந்து தேபேஷ் முகர்ஜி, பிஜோய் குமார் பாசு, அப்புறம் சோலாப்பூர்க்காரர் கோட்னிஸ். அடல் ஏற்கெனவே ஸ்பெயின் உள்நாட்டு யுத்தத்துல காயம்பட்டவங்களுக்கு வைத்தியம் பார்த்த அனுபவஸ்தர். 1938 செப்டம்பர் 1-ம் தேதி பம்பாய்லேர்ந்து கப்பல் ஏறினாங்க.

சோலாப்பூர்னதும் நமக்கு ஞாபகம் வர்றது போர்வை. நம்ம ஆரணி பக்கம் மாதிரி அதுவும் தறியை நம்பிப் பிழைக்கிற ஊர். அங்க 1910 அக்டோபர் 10-ல பிறந்தவர் கோட்னிஸ். பம்பாய் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில படிச்சு முடிச்சு, மேல்படிப்புக்குத் தயாராகிட்டிருந்தார். கப்பல் ஏறும்போது வயசு 27. இந்தக் காலத்துல இருந்திருந்தா வீட்டுல பொண்ணு பார்த்துக்கிட்டிருப்பாங்க, இவர் எம்.எஸ். சீட்டுக்கு அலைஞ்சுக்கிட்டிருப்பார் :-)

போற வழியும் சுலபமா இல்லை. செப்டம்பர் நடுவுல கான்டன் போய் இறங்கி, வூஹான் போனாங்க. கொஞ்ச நாள்ல வூஹானும் ஜப்பான் கைக்குப் போயிடுச்சு. அங்கிருந்து இச்சாங், சோங்சிங்னு நகர்ந்துக்கிட்டே, வேலை கிடைச்ச ஆஸ்பத்திரியில எல்லாம் வேலை பார்த்தாங்க. சோங்சிங்ல இருக்கும்போது கோட்னிஸுக்கு அப்பா இறந்துட்டார்னு செய்தி வருது. திரும்பிப் போன்னு கூட இருந்தவங்க சொல்றாங்க. அவர் போகல. 1939 பிப்ரவரியில அஞ்சு பேரும் யானான் போய்ச் சேர்ந்தாங்க. மலையைக் குடைஞ்ச குகை வீடுகள்ல ஆஸ்பத்திரி நடந்த ஊர் அது.

பேரும் பேச்சும்

சீனாவுல இவங்க அஞ்சு பேருக்கும் சீனப் பேர் வச்சாங்க. ஒவ்வொரு பேருக்கும் கடைசியில "ஹுவா". ஹுவான்னா சீனா. கோட்னிஸ் "கெ திஹுவா" ஆனார். பேர் வைக்கிறது ஒரு மரியாதை, யார் வேணும்னாலும் வாங்கிக்கலாம். பேச்சைக் கத்துக்கிறதுதான் கஷ்டம். அதை வேற யாரும் நமக்குக் கொடுக்க முடியாது.

கோட்னிஸ் சீன மொழியை உட்கார்ந்து படிச்சார். கடைக்குப் போய் விலை கேக்கற அளவுக்குன்னு நினைச்சுடாதீங்க. அந்த மொழியில வகுப்பெடுக்கிற அளவுக்குப் படிச்சார். ஆயிரக்கணக்கான எழுத்து உள்ள மொழி அது. நமக்கு 247-ஐ ஞாபகம் வச்சுக்கவே ஒண்ணாம் கிளாஸ்ல நாக்கு தள்ளிச்சு!

எதுக்கு இவ்வளவு சிரமம்? மொழிபெயர்ப்பாளர் ஒருத்தரை வச்சுக்கிட்டு அறுத்துத் தைச்சுட்டுப் போயிருக்கலாமே? யோசிச்சுப் பாருங்க. வயித்துல குண்டு பட்டு வர்றவனுக்கு எங்க வலிக்குதுன்னு அவன் பேச்சுலயே கேக்கணும். அது மட்டும் இல்லை. சொல்லிக் கொடுக்கணும்னா மொழி இல்லாம முடியாது. நீங்களே செஞ்சுட்டு வந்துட்டா, நீங்க கிளம்பின மறுநாள் அந்த வேலை நின்னுடும். சொல்லிக் கொடுத்துட்டு வந்தா நிக்காது. கோட்னிஸ் எந்த வழியில போனார்னு அவர் செஞ்ச வேலையைப் பார்த்தாத் தெரியும்.

எங்க ஊர்த் தறிக்காரங்க கிட்ட ஒரு பழக்கம் உண்டு. பாதி நெய்ஞ்ச புடவையில வேற ஆள் உட்கார வேண்டி வந்தா, உட்கார்றவர் முதல்ல நெய்ஞ்ச பக்கத்தைத் தடவிப் பார்ப்பார். அச்சை இழுத்து அடிக்கிற அழுத்தம் ஒவ்வொரு கைக்கும் ஒரு மாதிரி. தன் கைப் பழக்கத்துக்கு அடிச்சார்னா ரெண்டு கையும் சேர்ற இடத்துல துணியில பட்டையாத் தெரிஞ்சிடும். பட்டுல அது பெரிய சேதம். அதனால எவ்வளவு பெரிய வேலைக்காரரா இருந்தாலும் அடுத்தவர் பாவுல உட்கார்ந்தா அந்தப் பாவுக்குத்தான் அடங்கணும். வெளியூர்ல போய் உதவி பண்றதும் இதேதான்னு எனக்குத் தோணுது.

பெத்யூன் விட்டுப் போன இடம்

கோட்னிஸ் கதையைப் பேசும்போது கனடா டாக்டர் நார்மன் பெத்யூனைச் சொல்லாம இருக்க முடியாது. அவர் 1938-லயே சீனா வந்தவர். போர்முனைக்குப் பக்கத்துலயே போய் அறுவை சிகிச்சை பண்ணினார். கிராமத்து இளைஞர்களைப் பிடிச்சு மருத்துவ உதவியாளரா ஆக்கினார். கையுறை இல்லாம அறுவை சிகிச்சை பண்ணும்போது விரல்ல பட்ட வெட்டுல விஷம் ஏறி, 1939 நவம்பர் 12-ல இறந்துட்டார். கோட்னிஸும் பாசுவும் வூத்தாய் மலைப் பக்கம் போர்முனைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பெத்யூன் இல்லை.

1940-ல எட்டாவது வழிப் படை ஜப்பான்காரங்க மேல பெரிய தாக்குதல் நடத்திச்சு. கோட்னிஸ் அதுல போர்முனைக்குப் பின்னாடியே ஆஸ்பத்திரி போட்டார். 72 மணி நேரம் தூங்காம தொடர்ந்து அறுவை சிகிச்சை பண்ணினார்னும், அந்தச் சண்டையில 800 பேருக்கு மேல வைத்தியம் பார்த்தார்னும் சொல்றாங்க. சினிமாவுக்கும் பாடப் புத்தகத்துக்கும் பிடிச்ச கட்டம் இது. எனக்கு அதை விட அடுத்த கட்டம்தான் பிடிக்கும்.

1941 ஜனவரியில, பெத்யூன் பேர்ல இருந்த சர்வதேச சமாதான ஆஸ்பத்திரிக்குக் கோட்னிஸ் இயக்குநர் ஆனார். ஹேபெய் மாகாணத்து மலைக் கிராமத்துல இருந்த ஆஸ்பத்திரி. ஜப்பான் படை தேடித் தேடி அழிச்சுக்கிட்டு வந்த காலம். அவங்க வர்றாங்கன்னு தெரிஞ்சா நோயாளியைத் தூக்கிக்கிட்டு மலை மேல ஏறணும். அப்பவும் பக்கத்துல இருந்த மருத்துவப் பள்ளியில வகுப்பு நடந்துச்சு. கோட்னிஸ் சீன மொழியில அறுவை சிகிச்சை பாடம் எடுத்தார். பசங்க கையில புத்தகம் இல்லை. அதனால அவரே அறுவை சிகிச்சைக்கு ஒரு அறிமுகப் பாடப் புத்தகம் எழுதினார். அது முடிஞ்சதும் விரிவா இன்னொண்ணு எழுத ஆரம்பிச்சார்.

இதைத்தான் நான் அக்கா பையன்கிட்டயும் சொன்னேன். 72 மணி நேரம் நின்னது பெரிய காரியம்தான், ஆனா அந்த மணி நேரத்தோட முடிஞ்சு போச்சு. பாடப் புத்தகமும் படிச்சு வெளிய போன பசங்களும் அவர் போன பிறகும் வேலை செஞ்சிருக்காங்க.

அங்கேயே செவிலியர் பயிற்சி கொடுத்துக்கிட்டிருந்த குவோ சிங்லானை 1941 கடைசியில கல்யாணம் பண்ணிக்கிட்டார். 1942 ஆகஸ்ட்ல ஒரு ஆண் குழந்தை. பேர் யின்ஹுவா. "யின்" இந்தியா, "ஹுவா" சீனா. பேர் வச்சவர் படைத் தளபதி நியே ருங்சென். குழந்தைக்கு நாலு மாசம் கூட ஆகல, 1942 டிசம்பர் 9-ல கோட்னிஸ் வலிப்பு நோய்ல இறந்துட்டார். வயசு 32.

திரும்பி வந்தவங்க தப்பு பண்ணினாங்களா?

அஞ்சு பேர்ல நாலு பேர் திரும்பி வந்தாங்க. சோல்கரும் முகர்ஜியும் 1939-லயே வந்துட்டாங்க. அடல் 1940-ல. பாசு 1943 வரைக்கும் யானான்ல வேலை பார்த்துட்டு வந்தார். திரும்பாதவர் பேர்ல சினிமா வந்துச்சு, தபால்தலை வந்துச்சு. திரும்பினவங்களை மறந்தே போயிட்டோம்.

இது சரியில்லைன்னு எனக்குப் படுது. சோல்கர் வயசுல மூத்தவர். சாப்பாடு தினையரிசிக் கஞ்சி, குளிர் எலும்பைத் துளைக்கும், மருந்து தட்டுப்பாடு. உதவ வந்த டாக்டரே படுத்துட்டா அந்தக் கட்டில்ல இன்னொரு நோயாளிக்கு இடம் போயிடும். நம்ம உடம்பு, நம்ம சக்தி எவ்வளவுன்னு தெரிஞ்சு, பாரமாகறதுக்கு முன்னாடி திரும்பறதும் பொறுப்புதான். அதுல வெட்கப்பட ஒண்ணும் இல்லை. பாசு திரும்பி வந்த பிறகும் சும்மா இருக்கல. 1950-கள்ல மறுபடி சீனா போய் அக்குபங்சர் கத்துக்கிட்டு வந்து கல்கத்தாவுல வைத்தியம் பார்த்தார், பல பேருக்குச் சொல்லியும் கொடுத்தார். உதவி பண்ணப் போன இடத்துலேர்ந்து ஒண்ணைக் கத்துக்கிட்டு வந்து நம்ம ஜனங்களுக்குக் கொடுத்தார் பாருங்க, இதுவும் ஒரு பெருந்தன்மை. நமக்கு அவங்க கிட்டயும் கத்துக்க விஷயம் இருக்குன்னு ஒத்துக்கிட்டாத்தானே இது நடக்கும்?

அதே மாதிரி கோட்னிஸ் செஞ்ச எல்லாத்தையும் அப்படியே பின்பத்தணும்னும் சொல்ல மாட்டேன். ரெண்டு விஷயத்துல எனக்குத் தயக்கம் உண்டு. ஒண்ணு, உடம்பு சரியில்லாம போன பிறகும் ஓயாம வேலை பார்த்தது. யுத்த காலத்துல ஒரு டாக்டரைக் குத்தம் சொல்ல நான் யாரு, ஆனா இன்னிக்குக் கிளம்புற பசங்க இதை முன்மாதிரியா வச்சுக்க வேண்டாம். சோலாப்பூர்ல ஒரு குடும்பம் அப்பாவையும் இழந்து பிள்ளையையும் இழந்துச்சு. இன்னொண்ணு, 1942-ல அவர் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியில சேர்ந்தது. படையெடுத்து வந்தவனை எதிர்த்து நிக்கிற ஜனங்களோட நாலு வருஷம் வாழ்ந்த மனுஷனுக்கு அது இயல்பா வந்திருக்கலாம். ஆனா ரெண்டு வாரம் போற ஒருத்தன் அந்த ஊர் அரசியல்ல கட்சி கட்டினா, அவன் ஃப்ளைட் ஏறின பிறகு அதோட வினையை அனுபவிக்கப் போறது ஊர்க்காரங்கதான்.

ஒரு தபால் அட்டை பண்ணின கலாட்டா

இப்ப நேர் எதிரா ஒரு கதை. இது ஆப்பிரிக்காவுல நடந்தது. நல்ல மனசோட போனவங்களுக்கு ஒரு சின்ன அட்டை எவ்வளவு பாடம் சொல்லிக் கொடுத்துச்சுன்னு பாருங்க.

1961 மார்ச்ல அமெரிக்க ஜனாதிபதி கென்னடி "அமைதிப் படை"ன்னு ஒரு அமைப்பைத் தொடங்கினார். அமெரிக்க இளைஞர்கள் ஏழை நாடுகளுக்குப் போய் ரெண்டு வருஷம் தங்கி வேலை செய்யணும். நம்ம நாட்டுக்கும் வந்தாங்க. 1961 கடைசியில முதல் கோஷ்டி பஞ்சாபுக்கு வந்தது. 1976 வரைக்கும் நாலாயிரத்துக்கும் மேல வந்து போனாங்க. பின்னாடி ஜனாதிபதி ஆன ஜிம்மி கார்ட்டரோட அம்மா லில்லியன் கார்ட்டர் 68 வயசுல வந்து, பம்பாய் விக்ரோலியில நோயாளிங்களைப் பார்த்துக்கிட்டாங்க. இளைஞர்களுக்கு மட்டும்தான் சேவைன்னு இல்லை பாருங்க.

அந்த அமைப்பு தொடங்கின வருஷமே நைஜீரியாவுக்கு ஒரு கோஷ்டி போச்சு. அதுல மார்ஜரி மிச்செல்மோர்னு ஒரு 23 வயசுப் பெண். நல்லாப் படிச்சவங்க. இபாதான் பல்கலைக்கழகக் கல்லூரியில பயிற்சி. அக்டோபர் மாசம் ஊர்ல இருக்கிற சிநேகிதருக்கு ஒரு தபால் அட்டை எழுதறாங்க. இங்க ஜனங்க எப்படி வாழறாங்கன்னு பார்த்தா அதிர்ச்சியா இருக்கு, சமையல், வியாபாரம், மத்த காரியம் எல்லாமே தெருவுலதான்னு. அட்டை தபால் பெட்டிக்குப் போறதுக்கு முன்னாடி கீழ விழுந்துடுச்சு. எடுத்துப் படிச்சவர் ஒரு நைஜீரிய மாணவர். கொஞ்ச நேரத்துல பிரதி எடுத்து விடுதி முழுக்க விநியோகம் பண்ணிட்டாங்க.

நைஜீரியா சுதந்திரம் வாங்கி அப்பத்தான் ஒரு வருஷம் முடிஞ்சிருந்தது. கேக்கவா வேணும்? மாணவர் கூட்டம், கண்டனத் தீர்மானம், இவங்க எல்லாம் உளவாளிங்கன்னு கோஷம். சாப்பாட்டுக் கூடத்துல அமெரிக்கப் பசங்க கூட யாரும் உட்காரல. அந்தப் பெண் மன்னிப்பு எழுதிக் கொடுத்துட்டு நாடு திரும்பினாங்க. மத்த தன்னார்வலர்கள் ஓடிப் போகல. பொறுமையா இருந்து மாணவர்கள் கூடப் பேசிப் பழகினதுல நாளடைவுல கோபம் தணிஞ்சு, வேலை தொடர்ந்து நடந்துச்சு.

அந்தப் பொண்ணு பொய் எழுதல. வீட்டுக்கு எழுதற கடிதத்துல யாருமே இப்படித்தான் எழுதுவோம். ஆனா இன்னொருத்தர் வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து அந்த வீட்டு அடுப்படியைப் பத்தி நாலு பேருக்கு எழுதறோம்ங்கிறதுதான் விஷயம். அன்னிக்கு ஒரு அட்டை, ஒரு விடுதி. இன்னிக்கு செல்போன்ல மூக்கு ஒழுகுற குழந்தையை மடியில வச்சு ஒரு செல்ஃபி எடுத்துப் போட்டா உலகம் முழுக்கப் போகுது. அந்தக் குழந்தையோட அம்மாகிட்ட யாரு கேட்டாங்க? நம்ம வீட்டுக் குழந்தையை, அழுக்குச் சட்டையோட, ஊர் பேர் தெரியாத ஒருத்தர் படம் எடுத்து "பாவம்"னு போட்டா நாம சும்மா விடுவோமா?

வேலூர்ல ஒரு பொண்ணு

சந்தவாசலுக்குப் பக்கத்துலயே ஒரு உதாரணம் இருக்கு. எங்க பக்கம் யாருக்காவது பெரிய வியாதின்னா முதல்ல சொல்ற வார்த்தை "வேலூருக்கு எடுத்துட்டுப் போங்க". சி.எம்.சி.யைத் தொடங்கின ஐடா ஸ்கடர் கதை நம்ம பக்கத்துல எல்லாருக்கும் ஓரளவு தெரியும். 1890-ல, திண்டிவனத்துல உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்த்துக்க அமெரிக்காவுலேர்ந்து வந்திருந்த இருபது வயசுப் பொண்ணு. ஒரே ராத்திரியில மூணு பேர் வந்து, பிரசவ வேதனையில இருக்கிற எங்க வீட்டுப் பொண்ணைக் காப்பாத்துங்கன்னு கூப்பிடறாங்க. ஆம்பிளை டாக்டரை விட மாட்டாங்க. இவங்களுக்கோ வைத்தியம் தெரியாது. காலையில மூணு பேருமே செத்துப் போயிட்டாங்க.

இதுவரைக்கும் எல்லாரும் சொல்ற கதை. அதுக்கப்புறம் ஐடா என்ன பண்ணாங்கங்கிறதைக் கவனிங்க. தெரியாத வைத்தியத்தை அரைகுறையாப் பண்ண உட்காரல. ஊருக்குத் திரும்பிப் போனாங்க. மருத்துவம் படிச்சு, 1899-ல கார்னெல்ல பட்டம் வாங்கிட்டு, 1900-ல வேலூர் வந்தாங்க. இடையில பத்து வருஷம்! 1918-ல நம்ம பொண்ணுங்களுக்காக ஒரு மருத்துவப் பள்ளிக்கூடமும் தொடங்கினாங்க. மதப் பிரச்சாரம், காலனி ஆட்சின்னு அந்தக் காலத்து மிஷன்களைப் பத்தி ஆயிரம் விவாதம் பண்ணலாம், அது வேற கதை. ஆனா கோட்னிஸும் ஐடாவும் ஒரு விஷயத்துல ஒரே மாதிரி. கையில தொழில் இருந்துச்சு, அந்தத் தொழிலை உள்ளூர்க்காரங்க கையில கொடுத்துட்டுப் போனாங்க.

அனாதை இல்லம்ங்கிற வியாபாரம்

இப்ப அந்த ரெண்டு வார நோட்டீஸுக்கு வருவோம். பிள்ளைங்களுக்கு ரெண்டு வாரம் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தா என்ன தப்புன்னு கேப்பீங்க.

நேபாளம், கம்போடியா மாதிரி நாடுகள்ல "அனாதை இல்லத்துல" இருக்கிற பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோட இருக்காங்க. நல்ல படிப்பு கிடைக்கும்னு சொல்லி தரகருங்க கிராமத்துலேர்ந்து கூட்டிட்டு வந்துடறாங்க. பிள்ளைங்க இருந்தாத்தான் வெளிநாட்டுக்காரங்க வருவாங்க, வெளிநாட்டுக்காரங்க வந்தாத்தான் பணம் வரும். அதாவது உதவி பண்ண வர்றவங்க கூட்டமே அனாதைகளை உண்டாக்குது. 2015 நேபாள பூகம்பத்துக்கு அப்புறம் இது ரொம்ப மோசமாகும்னு யுனிசெஃப் எச்சரிக்கை பண்ணிச்சு. 2018-ல ஆஸ்திரேலியா இதை நவீன அடிமைத்தனத்துல ஒரு வகைன்னே ஏத்துக்கிச்சு.

அப்புறம் அந்தப் பிள்ளைங்க மனசு. ரெண்டு வாரத்துக்கு ஒரு அக்கா, அடுத்த ரெண்டு வாரத்துக்கு ஒரு அண்ணா. கட்டிப் பிடிச்சுக் கொஞ்சிட்டு, அழுதுட்டு, போயிடுவாங்க. பிள்ளை தினமும் புதுசா ஒருத்தர்கிட்ட ஒட்டிக்கிட்டு, தினமும் புதுசாப் பிரியணும். நம்ம வீட்டுப் பிள்ளைன்னா இப்படி விடுவோமா?

இது வெளிநாட்டுக்காரங்க மேல சொல்ற குத்தம் மட்டும் இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி வந்தப்ப நம்ம ஜனங்களே நாகப்பட்டினத்துக்கு லாரி லாரியா பழைய துணி அனுப்பினாங்க. எல்லாம் இழந்து நின்ன மீனவ ஜனங்க அதைத் தொடல. ரோட்டோரத்துல மலையாக் குவிஞ்சு கிடந்துச்சு, அதை அப்புறப்படுத்தறதே தனி வேலை ஆச்சு. அனுப்பினவங்க மனசு நல்ல மனசுதான். ஆனா "என்ன வேணும்?"னு கேக்காம அனுப்பிட்டாங்க. சூ தே கடிதத்தை ஞாபகம் வச்சுக்கச் சொன்னேனே, இதுக்குத்தான்.

கிளம்பறதுக்கு முன்னாடி

போகாதீங்கன்னு நான் சொல்லல. கோட்னிஸ் போகாம இருந்திருந்தா இந்தக் கதையே இல்லை. போறவங்க தனக்குத் தானே நாலு கேள்வி கேட்டுக்கணும், அவ்வளவுதான்.

அங்க இருக்கிறவங்க என்னைக் கூப்பிட்டாங்களா, இல்லே நடுவுல இருக்கிற கம்பெனி கூப்பிடுதா?

நான் செய்யப் போற வேலை எனக்கு இங்க செய்யத் தெரியுமா? சந்தவாசல்ல நான் ஒரு சுவர் கட்டினதில்லைன்னா காத்மாண்டுவுல போய் எப்படிக் கட்டுவேன்? அந்த ஊர்க் கொத்தனாருக்குக் கூலி கிடைச்சிருக்குமே, அதையும் கெடுக்கிறேனா?

அவங்க பேச்சுல பத்து வார்த்தையாவது கத்துக்கிட்டேனா? யார் சொல்றதைக் கேட்டு நடக்கப் போறேன்?

நான் திரும்பின மறுநாள் அங்க என்ன நடக்கும்?

கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் ஒழுங்கா இருந்தாலே போதும்னு நினைக்கிறேன். கோட்னிஸ் செத்த மறுநாளும் அந்த ஆஸ்பத்திரி நடந்துச்சு. இருபது வருஷம் கழிச்சு 1962-ல ரெண்டு நாடும் சண்டை போட்டுக்கிச்சு. அப்பவும், அதுக்கப்புறம் எத்தனையோ மனஸ்தாபத்துக்கு நடுவுலயும், ஷிஜியாஜுவாங் தியாகிகள் மயானத்துல அவர் சமாதி பத்திரமா இருக்கு. 2006-ல சீன ஜனாதிபதி ஹூ ஜிந்தாவ் மும்பை வந்தப்ப கோட்னிஸ் குடும்பத்தாரைப் பார்த்துட்டுத்தான் போனார். ரெண்டு அரசாங்கம் சேர்ந்து கெடுத்துக்கிட்ட உறவுல இந்த ஒரு இழை மட்டும் அறுந்து போகல.

அக்கா பையன் இன்னும் முடிவு எடுக்கல. இப்போதைக்கு நோட்டீஸை ஓரமா வச்சுட்டு, ஜவ்வாது மலை மேல இருக்கிற ஒரு பள்ளிக்கூடத்துல சனிக்கிழமை சனிக்கிழமை கணக்கு சொல்லிக் கொடுக்க வரட்டுமான்னு வாத்தியார்கிட்ட கேட்டிருக்கான். "ஒரு வருஷம் விடாம வருவியா? அப்படின்னா வா"ன்னாராம் வாத்தியார். அவர் கோட்னிஸ் கதை படிச்சவரான்னு தெரியல, ஆனா சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கார்.

கொசுறு: கோட்னிஸ் இறந்தது டிசம்பர் 9. ஐடா ஸ்கடர் நம்ம ராணிப்பேட்டையில பிறந்ததும் டிசம்பர் 9 தான், 1870-ல. சும்மா ஒரு ஒத்துமைக்குச் சொன்னேன். அந்தத் தேதியில யாராவது பழைய துணி மூட்டையைக் கட்ட ஆரம்பிச்சா, முதல்ல ஒரு போன் போட்டு என்ன வேணும்னு கேக்கச் சொல்லுங்க :-)